கடவுளுக்கு எந்த இலாகா? மிகுபுனைவு உலகத்தில் தெய்வங்களைப் பிரிக்கும் கலை

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் நாலு பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம்) விளையாடுவதற்காக நானே ஓர் உலகத்தை உண்டாக்கினேன். இரண்டு வாரம் உட்கார்ந்து பன்னிரண்டு கடவுள்களைத் தயார் செய்தேன். பெயர், பொறுப்பு, சின்னம், ஆயுதம் என்று எக்செல் ஷீட்டில் கட்டம் கட்டமாக எல்லாம் இருந்தது. சூரியனுக்கு ஒருவர், நிலவுக்கு ஒருவர், அப்புறம் கடல், புயல், போர், சாவு, காதல். பார்க்கவே மனசு நிறைந்தது.

முதல் நாள் ஆட்டத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, படகு ஒன்று நடுக்கடலில் புயலில் மாட்டிக்கொண்டது. பூசாரி வேடம் எடுத்திருந்த நண்பர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நான் இப்ப யாரக் கும்பிடணும்? கடல்காரரையா, புயல்காரரையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பன்னிரண்டு வரிசை எழுதியவன், ஒரு வரிசை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று யோசிக்கவே இல்லை. கற்பனை உலகத்தில் கடவுள்களைப் பொறுப்புவாரியாகப் பிரிக்க நினைக்கும் எவருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் சொற்கள். இந்த விளையாட்டுப் புத்தகங்களில் 'போர்ட்ஃபோலியோ', 'டொமைன்' என்று இரண்டு சொற்கள் அடிபடும். புதிதாக வருபவர்கள் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். போர்ட்ஃபோலியோ என்பது அமைச்சரவைச் சொல். முதலமைச்சர் ஒருவருக்கு நிதி, இன்னொருவருக்கு மீன்வளம் என்று ஒதுக்குகிறாரே, அந்த இலாகாதான். உலகத்தில் எதெல்லாம் இந்தக் கடவுளின் பொறுப்பு என்பதை இலாகா சொல்கிறது. டொமைன் என்பது ஆட்ட விதியோடு சம்பந்தப்பட்டது. அந்தக் கடவுளைக் கும்பிடும் பூசாரிக்கு எந்த வகை மந்திரங்கள் கைகூடும் என்பதை அது தீர்மானிக்கிறது. இதைத் துறை என்று வைத்துக்கொள்வோம்.

துறை என்ற சொல் இங்கே வசதியாக அமைந்துவிட்டது. ஆறு ஒன்றுதான்; குளிக்கும் துறை வேறு, துணி துவைக்கும் துறை வேறு, மாடு கழுவும் துறை வேறு, பரிசல் துறை வேறு. கடவுளை ஆறு என்று கொண்டால், பூசாரி எந்தப் படிக்கட்டு வழியாக அதில் இறங்குகிறான் என்பதுதான் துறை.

இந்த ஆட்டத்தின் மூன்றாம் பதிப்பு விதிகளைப் பார்த்தால் இது பளிச்சென்று புரியும். அங்கே பேலோர் என்று ஒரு சூரியக் கடவுள் இருக்கிறார். அவருக்கு நன்மை, குணப்படுத்தல், வலிமை, சூரியன் என்று நாலு துறைகள். பூசாரி ஆகிறவன் இந்த நாலில் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சூரியனையும் குணப்படுத்தலையும் எடுத்தவன் ஊர் ஊராகப் போய் மருந்து கட்டி, பிணப்பேய்களை விரட்டுவான். நன்மையையும் வலிமையையும் எடுத்தவன் தோள் தட்டிக்கொண்டு சண்டையில் முன்னால் நிற்பான். கோயிலும் சின்னமும் ஒன்றுதான், ஆனால் இரண்டு பேரும் இரண்டு வேறு ஆட்கள்.

அதே பதிப்பில் எனக்கு மிகவும் பிடித்த சோடி ஒன்று உண்டு. ஹெய்ரோனியஸ், ஹெக்ஸ்டர் என்று அண்ணன் தம்பிக் கடவுள்கள். இருவருக்கும் போர், ஒழுங்கு என்ற இரண்டு துறைகளும் பொது. ஒருவருக்கு அவற்றோடு நன்மை சேர்ந்திருக்கிறது. மற்றவருக்குத் தீமையும் அழிவும். இந்த நாலைந்து சொற்களை அடுத்தடுத்து வைத்தாலே ஒரு கதை தெரிகிறது பாருங்கள். இருவரின் படையும் வரிசை தப்பாமல் நடக்கும், இருவரும் சட்டம் பேசுவார்கள், ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வார்கள். 'போர்க்கடவுள்' என்று ஒற்றைக் கட்டம் போட்டிருந்தால் இந்தப் பகை கிடைத்திருக்காது.

இந்தத் துறைகளின் எண்ணிக்கை பதிப்புக்குப் பதிப்பு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆட்டம் முதலில் வெளிவந்தது 1974இல். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு, பூசாரிகளின் மந்திரங்களை 16 மண்டலங்களாகப் பிரித்தது. ஒரு மண்டலத்தில் முழு உரிமை இருந்தால் எல்லா மந்திரங்களும் கிடைக்கும். அரை உரிமை என்றால் மூன்றாம் படி வரைதான். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பின் அடிப்படை விதிநூலில் 22 துறைகள். 2014இல் ஐந்தாம் பதிப்பு அதை ஏழாகச் சுருக்கியது: அறிவு, உயிர், ஒளி, இயற்கை, புயல், தந்திரம், போர். 2024இல் திருத்தி வந்த விதிநூலில் உயிர், ஒளி, தந்திரம், போர் என்று நாலே நாலு.

கடவுள்கள் யாரும் ராஜினாமா செய்துவிடவில்லை. ஆடுகிறவர் எளிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமே என்பதற்காகச் சுருக்கியிருக்கலாம். துறை, ஆட்டக்காரரின் வசதிக்கு. இலாகா, உலகத்தின் உண்மைக்கு. நீங்கள் கதை மட்டும் எழுதுபவர் என்றால் துறையைப் பற்றிக் கவலையே வேண்டாம், இலாகா போதும்.

சரி, படகுக்கு வருவோம். ஐந்தாம் பதிப்பின் 'புயல்' துறைக்குள் கடல், வானம், சூறாவளி எல்லாம் அடக்கம். அந்த ஆட்டத்தில் ரொம்பப் பேர் விளையாடும் உலகமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் இந்தத் துறை டாலோஸுக்கும் உண்டு, உம்பர்லீக்கும் உண்டு. டாலோஸ் புயலின் கடவுள், உம்பர்லீ கடலின் தேவி. இரண்டு பேரின் பூசாரிகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே மந்திரங்கள்தான். ஆனால் கும்பிடும் விதம் வேறு. உம்பர்லீயை மாலுமிகள் அன்பால் கும்பிடுவதில்லை. கப்பல் புறப்படும் முன் காணிக்கை போடுவது, 'அம்மா தாயே, எங்களை மூழ்கடிக்காதே' என்று கேட்டுக்கொள்வதற்குத்தான். இதற்கு மேல் மாலுமிகளைக் காக்க வால்கர் என்று ஒரு சின்னக் கடவுள் வேறு இருக்கிறார். கப்பலும் நல்ல காற்றும் அவர் பொறுப்பு. ஆக, நடுக்கடலில் ஒரு படகு ஆடினால் மூன்று அலுவலகங்களின் கதவைத் தட்ட வேண்டும்.

இது விளையாட்டு எழுதியவர்களின் குழப்பம் என்று நினைக்க வேண்டாம். பழைய கிரேக்கர்களிடமும் இதே கதைதான். டிராய் போரைப் பாடும் இலியட் காவியத்தின் 15ஆம் காண்டத்தில் கடல் கடவுள் பொசைடன் சொல்கிறார்: நாங்கள் சகோதரர்கள் மூன்று பேர், சீட்டுக் குலுக்கினோம், எனக்குக் கடல் விழுந்தது, ஹேடீஸுக்குக் கீழுலகம், ஸூஸுக்கு வானம். பூமியும் ஒலிம்பஸ் மலையும் மூவருக்கும் பொது. பாகப்பிரிவினைப் பத்திரம் மாதிரித் துல்லியமாக இருக்கிறது. அதை அவர் எப்போது சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். டிராய் போர்க்களத்தை விட்டு வெளியேறு என்று ஸூஸ் ஆள் அனுப்பி உத்தரவு போட்டபோது, கோபத்தில் சொல்கிறார். பூமி பொதுச்சொத்து, அங்கிருந்து என்னைப் போகச் சொல்ல நீ யார் என்பதுதான் அவர் வாதம். முறைத்துவிட்டுக் கடைசியில் போய்விடுகிறார் என்பது வேறு விஷயம். பொது என்று விட்டுவைத்த இடத்தில்தான் சண்டை வந்தது.

ஒடிசியஸ் என்ற வீரன் அந்தப் போர் முடிந்து கடல்வழியே வீடு திரும்பும் கதையான ஒடிசியில் இது இன்னும் சுவாரசியம். ஒடிசியஸின் தெப்பத்தைப் புயலால் உடைப்பது பொசைடன். அதற்கு முன்பு அவனுடைய கப்பலை இடியால் பிளந்தது ஸூஸ். காற்றுகளைப் பையில் கட்டி அவனிடம் கொடுத்தனுப்பியது ஏயோலஸ். மூன்று சம்பவம், மூன்று இலாகா. அதிலும் ஸூஸ் கப்பலை உடைத்த காரணம் அருமையானது. ஒடிசியஸின் ஆட்கள் சூரியக் கடவுள் ஹீலியோஸின் மாடுகளை அடித்துத் தின்றுவிட்டார்கள். ஹீலியோஸிடம் ஒளி இருக்கிறதே தவிர இடி இல்லை. அவர் ஸூஸிடம் போய், 'இவர்களைத் தண்டிக்காவிட்டால் நான் கீழுலகத்துக்குப் போய்ப் பிணங்களுக்கு வெளிச்சம் போடுவேன்' என்கிறார். அப்பட்டமான வேலைநிறுத்த மிரட்டல். ஸூஸ் உடனே பணிந்துவிடுகிறார்.

புதிதாகக் கடவுள்களை உருவாக்குபவர்கள் இந்த ஒரு காட்சியைப் படித்தாலே போதும் என்பேன். ஒரு கடவுளால் தன் இலாகாவில் என்ன செய்ய முடியும் என்று எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். எதைச் செய்ய முடியாமல் அடுத்தவர் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது, எதை நிறுத்திவிட்டால் மற்றவர்கள் அலறுவார்கள் என்று யோசிக்கும்போதுதான் அந்தக் கடவுளுக்கு உயிர் வருகிறது.

மரணம் யாருடையது?

எந்தப் பட்டியலிலும் முதலில் நிரம்பும் கட்டங்களில் ஒன்று 'சாவு'. அதுவே அதிகமாகச் சொதப்பும் கட்டமும். சாவு என்பது ஒரு வேலை அல்ல, பல வேலைகள் சேர்ந்த மூட்டை. உயிரைப் பறிப்பது ஒன்று. போன உயிரை அழைத்துப் போவது ஒன்று. கணக்குப் பார்ப்பது, செத்தவர்கள் இருக்கும் ஊரை ஆள்வது, கல்லறையைக் காப்பது என்று வேலை நீண்டுகொண்டே போகிறது. நம் ஊர்க் கதைகளில் யமனுக்குப் பக்கத்தில் கணக்குப்பிள்ளையாகச் சித்திரகுப்தன் உட்கார்ந்திருப்பது சும்மா அல்ல. கிரேக்கர்களிடமும் ஹேடீஸ் கீழுலகத்தின் அரசர் மட்டுமே. சாவே உருவானது தானடோஸ். ஆன்மாக்களுக்கு வழிகாட்டிப் போவது ஹெர்மிஸ்.

ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் இந்த மூட்டை அவிழ்ந்த கதையே ஒரு புராணம். ஆதியில் ஜெர்கல் என்ற ஒரே கடவுளிடம் பூசல், சாவு, செத்தவர்கள் மூன்றும் இருந்தன. பேன், பால், மிர்கூல் என்ற மூன்று மனிதர்கள் அவருடைய சிம்மாசனத்தைப் பறிக்க அவர் அரண்மனைக்கே போகிறார்கள். அவருக்கோ வேலை அலுத்துப்போயிருந்தது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுந்துவிடுகிறார். யாருக்கு எது என்று மூவரும் மண்டையோட்டை உருட்டி, எலும்புக்காய் போட்டு முடிவுசெய்கிறார்கள். பூசலும் கொடுங்கோலும் பேனுக்கு. கொலை பாலுக்கு. செத்தவர்களின் ஆட்சி மிர்கூலுக்கு. ஜெர்கல் ஓய்வுபெற்ற பின்னும் அலுவலகத்தை விட்டுப்போக மனமில்லாத பெரியவர்போல, செத்தவர்களின் கணக்கை எழுதிக்கொண்டு அங்கேயே இருந்துவிடுகிறார்.

இப்படிப் பிரித்ததால் என்ன பயன்? கொலைகாரன் பாலைக் கும்பிடுவான். கொலையுண்டவனின் மனைவி மிர்கூலிடம் போய் அழ வேண்டும். இருவரும் ஒரே கோயிலுக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு கோயில்களுக்கும் ஒரே பிணத்தின் மேல் உரிமை உண்டு. அந்த ஒரு பிணத்தை வைத்தே நீங்கள் பத்து அத்தியாயம் எழுதலாம்.

அந்த உலகத்தில் எந்தக் கடவுளுக்கு எந்தப் பொறுப்பு என்பது 'விதிப் பலகைகள்' என்ற இரண்டு பலகைகளில் எழுதப்பட்டிருக்கிறது. அரசிதழ் மாதிரி. பேனும் மிர்கூலும் அதைத் திருடியதால் கடவுள்களுக்கெல்லாம் மேலான ஆவோ கோபம்கொண்டு ஏறக்குறைய அத்தனை பேரையும் பூமிக்குத் தள்ளிவிடுகிறார். அந்த உலகத்தின் காலக்கணக்கில் அது 1358ஆம் ஆண்டு. அந்தக் களேபரத்தில் பேன், பால், மிர்கூல் மூவருமே சாகிறார்கள். இலாகாக்கள் மட்டும் சாகவில்லை. அடுத்தவர் கைக்குப் போகின்றன. அமைச்சர் மாறினாலும் மின்சாரத் துறை மின்சாரத் துறைதான் என்பதுபோல. பதவியையும் ஆளையும் தனித்தனியாக வைத்துப் பார்க்கும் இந்தப் பார்வை, கடவுள்கள் சாகக்கூடிய உலகங்களில் ரொம்ப உதவும்.

பிரிக்க வேறு வழிகளும் உண்டு

இதுவரை பேசியது எல்லாம் 'பொருள்' வைத்துப் பிரிப்பது: கடல், போர், சாவு. அது ஒன்றே வழி என்று நினைத்துவிடுவதால்தான் எல்லாக் கற்பனை உலகங்களும் ஒரே அச்சில் வார்த்தமாதிரி இருக்கின்றன.

தொல்காப்பியர் நிலத்தை வைத்துப் பிரித்தார். 'மாயோன் மேய காடுறை உலகமும்' என்று தொடங்கும் நூற்பாவில் காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், கடற்கரைக்கு வருணன். இதில் போர்க்கடவுள், காதல்கடவுள் என்ற பேச்சே இல்லை. மலையில் பிறந்தவன் மழைக்கும் சேயோனிடம்தான் போவான், காதல் கைகூடவும் அவரிடம்தான் போவான். இந்த வகை உலகத்தில் கடவுள் மாறுவது தேவை மாறும்போது அல்ல, ஊர் எல்லை தாண்டும்போது. ஒரு பயணக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு எனக்குத் தெரியவில்லை.

திசை வைத்தும் பிரிக்கலாம். கிழக்கில் இந்திரன், தெற்கில் யமன், மேற்கில் வருணன், வடக்கில் குபேரன் என்று எண்திசைக் காவலர்கள் நமக்குப் பழக்கம். எட்டு வாசல் உள்ள ஒரு கோட்டை நகரத்தை எழுதுகிறீர்கள் என்றால் பாதி வேலை முடிந்தது.

பண்டைய மெசப்பொத்தேமியாவில் 'அன் = அனும்' என்ற கடவுள் பட்டியல் களிமண் பலகைகளில் கிடைத்திருக்கிறது. சுமார் 2,000 பெயர்கள். அந்தப் பட்டியல் பெரும்பாலும் குடும்ப அட்டை மாதிரிப் போகிறது: ஒரு பெரிய கடவுள், அவர் மனைவி, பிள்ளைகள், அப்புறம் வீட்டு வேலைக்காரர்கள். அங்கே யார் என்ன செய்கிறார் என்பதைவிட, யார் யார் வீட்டு ஆள் என்பதுதான் முக்கியம். சிபாரிசு தேடி அலைந்தவர்களுக்கு இந்த உலகம் உடனே புரிந்துவிடும்.

ரோமானியர்கள் இன்னொரு ஓரத்துக்குப் போனார்கள். ஒரு கதவுக்கு மூன்று பேர்: கதவுக்கு ஃபோர்குலஸ், கீலுக்குக் கார்டியா, வாசற்படிக்கு லிமென்டினஸ். பழைய கிறித்தவ அறிஞரான புனித அகஸ்டின் இதைக் கிண்டலடித்திருக்கிறார். ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு வாயிற்காப்பாளனை வைக்கிறோம், அவன் வெறும் மனிதன், அவனே போதும். இவர்களோ மூன்று கடவுளை வைத்திருக்கிறார்கள் என்று. கிண்டல் நியாயம்தான். ஆனாலும் கதை எழுதுபவன் கண்ணுக்கு, கீல் கிரீச்சிடும்போது முணுமுணுப்பதற்கென்று ஒரு தனி தெய்வம் இருப்பது அழகாகத்தான் இருக்கிறது.

எந்த வழியில் போனாலும் ஒரு பொறி உண்டு. நல்ல கடவுள், கெட்ட கடவுள் என்று இரண்டு கூடை வைத்துக்கொண்டு பிரிப்பது. இலியட்டின் தொடக்கத்தில் கொள்ளைநோயை அம்பாக எய்பவர் அப்போலோ. நோய் தீர்க்க வேண்டி நிற்பதும் அவரிடமே. மாரியம்மனைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அம்மை போடுவதும் அவள், இறக்குவதும் அவள். இவளை 'நோய்' என்ற கட்டத்தில் போடுவதா, 'குணப்படுத்தல்' என்ற கட்டத்தில் போடுவதா என்று கேட்டால், கட்டத்தைத்தான் மாற்ற வேண்டும்.

வேண்டுதலிலிருந்து ஆரம்பியுங்கள்

இப்போது நான் கடவுள்களின் பெயரைக் கடைசியில்தான் எழுதுகிறேன். முதலில் எழுதுவது வேண்டுதல்களை. ஒரு சின்ன ஊரை எடுத்துக்கொள்வேன். ஆற்றங்கரை ஊர் என்று வைப்போம், பாலம் கிடையாது, பரிசல்தான். பரிசல்காரர் துடுப்பை எடுக்குமுன் என்ன முணுமுணுப்பார்? ஆற்றைக் கடந்துபோய்த் திரும்பாதவனின் மனைவி யாரிடம் கேட்பாள்? இரவில் வரி கொடுக்காமல் அக்கரைக்குச் சரக்குக் கடத்துகிறவன்? அவனைப் பிடிக்க வேண்டிய காவலாளி? வெள்ளத்தில் ஒதுங்கிய பிணத்தை எடுத்துப் புதைப்பவர்?

ஐந்து வேண்டுதல் வந்துவிட்டதா? இனி எவற்றையெல்லாம் ஒரே ஆளிடம் கேட்கலாம் என்று சேர்த்துப் பாருங்கள். பரிசல்காரரும் கடத்தல்காரனும் ஒரே தெய்வத்தைக் கும்பிடலாம், இருவருக்கும் வேண்டியது பத்திரமாக அக்கரை சேர்வது. அப்படியானால் அந்தத் தெய்வம் 'ஆறு' அல்ல, 'கடப்பது'. உடனே அந்தத் தெய்வத்துக்குப் பிரசவமும், திருமணமும், ஒருவேளை சாவும்கூட வந்து ஒட்டிக்கொள்கின்றன, அவையும் கடப்பதுதானே. காவலாளிக்கு வேண்டியது எல்லை. கடப்பதற்கும் எல்லைக்கும் நடுவில் ஆகவே ஆகாது. இரண்டு கடவுள், ஒரு நிரந்தரப் பகை, கூடவே மூழ்கியவனின் பிணம் யாருக்கு என்ற வழக்கு. இவ்வளவுக்கும் நாம் இன்னும் சூரியன், நிலா பக்கமே போகவில்லை.

எத்தனை கடவுள் வேண்டும் என்று பலர் கேட்பார்கள். என் அனுபவத்தில் நாலைந்து பேருக்கு மேல் ஆடுபவர்களுக்கு நினைவிருப்பதில்லை. நூறு பேர் இருப்பதாகச் சொல்லிவிட்டு ஐந்து பேரைக் காட்டினால் போதும்.

அந்தப் படகு என்ன ஆனது என்றால், யாரைக் கும்பிடுவது என்று நண்பரையே முடிவு செய்யச் சொன்னேன். அவர் பதறிப்போய்க் கடல்காரருக்கு ஓர் ஆடும், புயல்காரருக்கு ஓர் ஆடும் நேர்ந்துகொண்டார். பகடை நல்லபடியாக விழுந்தது, படகு கரை சேர்ந்தது. கரையில் இரண்டு கோயில் ஆட்களும் காத்திருந்தார்கள். காப்பாற்றியது எங்கள் சாமிதான், இரண்டு ஆடும் எங்களுக்கே என்று இரண்டு பக்கமும் சொன்னார்கள். அடுத்த மூன்று வாரம் அந்தப் பஞ்சாயத்துத்தான் ஆட்டம். எக்செல் ஷீட்டில் மீதி இருந்த பத்துப் பேரை யாரும் கூப்பிடவே இல்லை.